அலுமினியக் கூட்டின் அழகு

சுழலும் தட்டு ஏதுமின்றிச் சில்லுகளிலேயே தரவைத் தேக்கும் எஸ்எஸ்டி, கணினியிலிருந்து கழற்றப்பட்டதும் வெற்றுப் பலகையாகிவிட, அதற்கு உறையும் யுஎஸ்பி இணைப்பும் தந்து சட்டைப்பையில் எடுத்துச் செல்லத்தக்கதாக்குவது என்குளோஷர் எனப்படும் சிறு அலுமினியக் கூடு. 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட எம்.2 வகைப் பலகையைச் சாய்வாகச் செருகும்போது பொன்னிற விளிம்பு மெல்லிய எதிர்ப்புடன் உள்ளே இறங்குவதும், மேலெழுந்து நிற்கும் மறுமுனையை விரல்நுனியால் தாழ்த்தி அரிசிமணியளவு திருகை முடுக்குவதும் அவசரக்காரர்க்கு ஏற்ற வேலையல்ல. திருகு நழுவினால் தரையைத் தடவ வேண்டியதுதான்.

இவ்வமைப்பில் மிகுதியும் கவனிக்கப்படாதது வெப்பத் திண்டு, அதாவது சில்லின் சூட்டை உலோக உறைக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை. அதன் மெல்லிய காப்புத்தாளைக் கிழியாமல் உரித்து, சுருக்கம் விழாமல் படியவைப்பதில் கைப்பக்குவம் தெரிந்துவிடும். பெருங்கோப்புகளை நகலெடுக்கையில் உறை வெதுவெதுப்பாவது கண்டு சிலர் அஞ்சுவர். உள்ளிருக்கும் சூடு வெளியேறுகிறது என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. பழைய வன்தட்டின் முனகலோ அதிர்வோ இதில் இல்லை. மணல்போல் சொரசொரத்த உலோகப் பரப்பின் ஓரத்தில் சிறு விளக்கு மட்டும் துடிக்க, முழுத் திரைப்படமொன்று ஓசையின்றி இடம் மாறிவிடுகிறது.