‘கோ பேக்’: திரும்புதலும் நிற்கிற இடமும்

ஆங்கிலப் பயிற்சி நூல்களில் ‘கோ பேக்’, ‘கம் பேக்’, ‘கெட் பேக்’, ‘டர்ன் பேக்’ எல்லாம் ஒரே பாடத்தில் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. கோடிட்ட இடத்தில் சரியானதைப் போட்டால் ஒரு மதிப்பெண். நம் மொழிபெயர்ப்பாளர்களோ இந்தச் சிரமம்கூட இல்லாமல் நாலுக்கும் ‘திரும்பினான்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘எல்லாம் ஒண்ணுதானே, இதுல என்னய்யா அரசியல்?’ என்று கேட்கிற தோழர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

‘லண்டனுக்குக் கேம் பேக்’ என்று ஒருவர் சொன்னால், சொல்கிறவர் லண்டனில் நிற்கிறார், அல்லது மனசால் அங்கே நிற்கிறார். ‘வென்ட் பேக்’ என்றால் லண்டன் அவருக்கு ‘அங்கே’. ‘கெட் பேக்’கில் சொல்கிறவரின் இருப்பிடம் பின்னுக்குப் போய், ஒருவழியாகச் சேர்ந்துவிட்டதே முக்கியமாகிறது. நம் ‘வந்து சேர்ந்தேன்’ இதற்குக் கிட்டத்தில் வரும். அவசரத்தில் ‘போய்ச் சேர்ந்தார்’ என்று எழுதினால் ஆளையே சாகடித்துவிடுவோம். ‘டர்ன் பேக்’ இவற்றோடு சேராது. பாதி வழியில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அது. புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தானா என்பதை அது சொல்வதில்லை.

இதில் நமக்கு அந்நியமானது ஒன்றுமில்லை. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோமே, அங்கேயும் இதே கணக்குதான். எதிரே நிற்பவரின் இடத்தை நாம் மீண்டும் வரப்போகிற இடமாக ஒப்புக்கொள்கிறோம்.

இந்த வெளிச்சத்தில் ‘கோ பேக்’ என்கிற ஏவலைப் பார்க்க வேண்டும். கேட்பவன் கண்ணெதிரே நிற்கிறான்; இலக்கணப்படி முன்னிலை. ஆனால் அவனுக்குரிய இடம் ‘அங்கே’ என்று முடிவாகிவிடுகிறது. முன்னிலையில் நிற்கிறவனைப் படர்க்கைக்குத் தள்ளுகிற வேலையை இரண்டு சொற்கள் செய்துவிடுகின்றன. ‘இங்கே’ என்னுடையது என்கிற உரிமைக்கோரல் சொல்லாமலே உள்ளே இருக்கிறது.

அந்த உரிமையை யார் கோருகிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 1928 பிப்ரவரி 3 அன்று, இந்தியர் ஒருவர்கூட இல்லாத ஏழு பேர் குழு பம்பாயில் வந்து இறங்கியபோது எழுந்த முழக்கம் ‘சைமன் கோ பேக்’. ஆளப்பட்டவர்கள் ஆண்டவனின் மொழியிலேயே அவனைப் படர்க்கையாக்கினார்கள். சைமனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. காலனிகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களைப் பார்த்து அதே முழக்கம் கிளம்பியபோது அதற்கு வேறு அர்த்தம். 2013இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகமே ‘கோ ஹோம்’ என்று எழுதிய வண்டிகளை லண்டன் தெருக்களில் ஓட்டியது. தெருவின் வசை அரசின் வாசகமானது.

‘பேக்’ என்கிற சின்னச் சொல்லுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: போகிறவன் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். ஒப்பந்தத்தின் ஆங்கிலம் ‘கோ பேக்’ என்றும் சொல்லவில்லை, ‘கம் பேக்’ என்றும் சொல்லவில்லை. ‘ரிபாட்ரியேஷன்’ என்றது. லத்தீன் வழி வந்த அந்தப் பெயர்ச்சொல்லில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. பேசுகிற அரசு எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. ஒரு அரசு ‘போ’ என்றதும் இன்னொரு அரசு மனசார ‘வா’ என்று சொல்லாததும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துகொண்டன. நம் அரசுத் தமிழ் அதை ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர்த்து, போகாத இடத்துக்குத் ‘திரும்ப’ வைத்தது. அங்கே இந்தியத் தமிழர் என்று பெயர் வாங்கியவர்கள், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ‘சிலோன்காரங்க’ ஆனார்கள். இரண்டு கரையிலும் படர்க்கைதான்.

ஆகவே மொழிபெயர்ப்பில் ‘திரும்பு’ என்று எழுதக் கை போகும்போது மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். சொல்கிறவர் எங்கே நிற்கிறார்? போகிறவர் முன்பு அங்கே இருந்தவரா? போய் இறங்குகிற இடத்தில் ‘வா’ என்று சொல்ல ஆள் உண்டா? மூன்றாவதற்கு விடை இல்லையென்றால் அங்கே ‘திரும்பினார்கள்’ என்று எழுதக்கூடாது. ‘அனுப்பப்பட்டார்கள்’ என்று எழுத வேண்டும். யார் அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்து.