பல்லவர் கச்சையும் நம்ம பெல்ட்டும்

மாமல்லபுரம் போனால் இப்பவெல்லாம் சிற்பங்களின் இடுப்பைத்தான் பார்க்கிறேன். தொப்புளுக்கு மேலே தெரியும் உதரபந்தம் வெறும் அணிகலன்; உடையைத் தாங்குவது கீழே இருக்கிற துணிக்கச்சை. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் பலவற்றில் அதன் முடிச்சு பக்கவாட்டில்தான் இருக்கு.

நம்ம தோல் பெல்ட்டின் கோளாறு இங்கேதான் புரியுது. உட்கார்ந்தால் வயிறு விரியும், தோல் விரியாது. வயிறு மடியும் இடத்திலேயே பக்கிள் குத்தும். ஓட்டைக்கு ஓட்டை சுமார் ஒரு அங்குலம்: ஒன்றில் மூச்சு முட்டும், அடுத்ததில் பேன்ட் நழுவும். முடிச்சுக்கு அந்தக் கணக்கே இல்லை.

ஆனா கச்சை செல்போனையும் பர்ஸையும் சுமந்ததில்லை; அப்படியே அதுக்குத் திரும்ப முடியாது. ஊசி எங்கே வேண்டுமானாலும் நுழையும் பின்னல் பெல்ட் பாதித் தீர்வு. அதன் பக்கிளை இடது பக்கம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். வெளியே விட்ட சட்டைக்குள் யாருக்கும் தெரியல, வயிறு நிம்மதி.