ஓநாயின் ஆடை

ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய ஐரோப்பியக் கதைகள் சிலவற்றில், மாற்றத்தின் திறவுகோலாக ஆடை அமைவது ஊன்றி நோக்கத்தக்கது. 12ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு மொழியிற் பாடிய மேரி த பிரான்ஸ், பிரிட்டனி மக்களின் பழங்கதையொன்றை ‘பிஸ்கிளாவ்ரே’ என்னும் கதைப்பாடலாக்கினார். கிழமைதோறும் மூன்று நாள் ஓநாயாகத் திரியும் பிரபுவின் மனைவி, தன்னை விரும்பிய வீரனைக் கொண்டு கணவனது ஆடையைக் கவர்கிறாள். அவன் மனிதனாக மீள இயலாது காட்டில் உழல்கிறான். பின்னர் மன்னனின் அன்பைப் பெற்ற ஓநாய், அவளது மூக்கைக் கடித்துப் பறிக்கிறது. அரசவையோ ஓநாயின் பக்கமே நிற்கிறது. அவளை வதைத்து உண்மையை வரவழைக்கிறது. விலங்கொன்றுடன் படுக்கையைப் பகிர்ந்தவளின் அச்சம் அங்கு வழக்காகவே கொள்ளப்படவில்லை.

இவ்வச்சத்தை மையமாக்கியவர் அஞ்சலா காட்டர். 1979இல் வெளிவந்த ‘குருதி அறை’ தொகுதியிலுள்ள ‘ஓநாய்களின் கூட்டம்’ என்னும் சிறுகதையில், செந்நிற முக்காட்டுச் சிறுமியின் கதையோடு ஆடை பற்றிய பழைய நம்பிக்கையையும் அவர் பிணைக்கிறார். ஆடையை எரித்துவிட்டால் அவன் என்றென்றும் ஓநாயே. இறுதியில் அப்பெண் தன் ஆடைகளை மட்டுமன்றி அவனது சட்டையையும் நெருப்பிலிடுகிறாள். மேரியிடம் துரோகமாக நின்ற செயல் இங்கே துணிவாகிறது. வேட்டைப்பொருளாக அஞ்சி நிற்க அவள் மறுக்கிறாள்.

எனினும், இதனை முழு விடுதலையென விமரிசகர் கொண்டாடுவது அவசரமேயாம். பாட்டியைத் தின்றவனின் அணைப்பிலேயே அவள் உறங்குகிறாள். கட்டிலின் கீழே கிழவியின் எலும்புகள் கடகடக்கின்றன, அவள் பொருட்படுத்தவில்லை. காட்டர் அவ்வொலியைக் கதையிலிருந்து நீக்கவுமில்லை.