கேமராக்கள் கூடி எடுத்த திரள்

சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்82 விண்மீன் திரளை ஆர்வலர்கள் எடுத்த படங்களில், என்னை அதிகம் நிறுத்திவைப்பவை ஒரே கேமராவில் பிறக்காதவை. அதன் நடுவிலிருந்து இருபுறமும் பீறிடும் ஹைட்ரஜன் இழைகள் 656.3 நானோமீட்டர் சிவப்பில் ஒளிர்கின்றன. கடையில் வாங்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தப்பி வருவதையும் நான்கு பிக்சல்களில் ஒன்றுதான் முறையாக வாங்கும். கறுப்பு வெள்ளை கேமராவில் ஹைட்ரஜன் ஃபில்டரைப் பொருத்தினால் எல்லாப் பிக்சல்களும் அதற்கே உழைக்கும். ஆனால் விண்மீன்களின் நீலத்தையும் மஞ்சளையும் அந்த ஃபில்டர் வழியே பெற முடியாது. அவற்றை வண்ணக் கேமராதான் தர வேண்டும். விண்மீன்களை அடையாளமாக வைத்து இரு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பொருத்துவதை மென்பொருளே செய்துவிடும். கை தேர்ந்தவர் தெரிவது அதற்குப் பிறகுதான். ஹைட்ரஜன் படத்திலும் சாதாரண விண்மீன் ஒளி கலந்திருக்கும். அதைக் கழிக்காமல் சேர்த்தவர்களின் எம்82, குங்குமம் கொட்டியதுபோல் முழுக்கச் சிவந்து கிடக்கும். கழித்துச் சேர்த்தவர்களின் படத்தில் இழைகள் மட்டும் சிவக்கும், திரளின் தட்டு தன் வெளிர்நீலத்தோடு இருக்கும். ஒவ்வொரு கேமராவிடமும் அதற்குத் தெரிந்ததை மட்டும் கேட்கும் இந்த அடக்கமே இக்கலையின் உயர்ந்த பண்பு என்பேன்.

இது ஒட்டுவேலை, உண்மையான படமல்ல என்பார்கள். ஆண்ட்ரோமெடா திரளுக்கு அருகே ஸ்ட்ராட்னர், டிரெக்ஸ்லர், சைன்டி ஆகிய ஆர்வலர்கள் தொழில்முறை வானியலாளர்களுடன் சேர்ந்து 2023இல் அறிவித்த ஆக்சிஜன் வளைவை அவர்களுக்கு நினைவூட்டலாம். எண்ணற்ற முறை படமெடுக்கப்பட்ட திரளின் பக்கத்தில், அதுவரை யாரும் காணாத ஒரு மங்கல். கருவிக்குள் எதிரொளித்த வெளிச்சமோ என்ற ஐயம் இயல்பானது. வேறு தொலைநோக்கி, வேறு கேமரா எடுத்த படங்களிலும் அது அதே இடத்தில் தெரிந்ததால்தான் நம்ப முடிந்தது. ஒரு கேமராவின் குறை இன்னொன்றில் அதே உருவில் திரும்ப வராது. கேமராக்கள் வேறுபடுவதே இங்கே சாட்சியாகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் காலம் பற்றியது: வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவற்றை ஒரே படமாக்கலாமா என்பது. எம்101 திரளில் 2023 மே 19 அன்று ஜப்பானின் கொயிச்சி இடாகாகி ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். பல ஆண்டுப் பழைய படங்களோடு அந்த இரவுகளின் சில படங்களை அடுக்கினால், படத்தின் குறுக்கே விழும் செயற்கைக்கோளின் கோட்டை நீக்கும் அதே கணக்கு அந்தப் புதுப்புள்ளியையும் பிழையென்று தள்ளிவிடக்கூடும். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளும் சுருள் கைகள் நம் ஆயுளில் மாறித் தெரியப்போவதில்லை. அவற்றை எந்த ஆண்டின் ஒளியாலும் வளர்க்கலாம். விண்மீன்களை மட்டும் இரவுவாரியாக முதலில் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். எந்தக் கேமரா, எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று படத்தின் அடியில் எழுதிவைப்பவரை, மேலும் அழகான படம் தந்து அதை எழுதாமல் விடுபவருக்கு மேலாகவே நான் மதிக்கிறேன்.