தண்டுத் தமிழரும் தங்கவயல் தமிழரும்: சமூக, பொருளியல் நிலைகள் குறித்த ஆய்வுகள்மேல் ஒரு திறனாய்வு

தமிழாய்வில் 'புலம்பெயர்வு' என்னும் சொல் கடந்த முப்பது ஆண்டுகளில் பெற்றுள்ள செல்வாக்குப் பெரிது. ஆயின் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் ஆய்வாளர் மனம் கடலைத் தாண்டிவிடுகிறது. இலங்கையின் மலையகம், மலேயா, பிஜி, தென்னாப்பிரிக்கா, அண்மைக்காலமாகக் கனடாவும் ஐரோப்பாவும் ஆய்வேடுகளின் களங்களாக அமைகின்றன. ஓரிரவுத் தொடர்வண்டிப் பயணத்தில் சென்றடையக்கூடிய கர்நாடகம் புலமாகக் கருதப்படுவதில்லை. அங்குள்ள தமிழரைப் பற்றி எழுத நேர்ந்தால், 'பெங்களூர்த் தமிழர்' என ஒரு தலைப்பிட்டு, சங்கங்களின் பணி, நடந்த விழாக்கள், வெளிவந்த நூல்கள் எனப் பட்டியலிட்டு முடித்துவிடுகிறோம். பட்டியல் தவறன்று. அத்தலைப்பின்கீழ் வரும் மக்கள் யாவரும் ஒரே வழியில் வந்தவர், ஒரே நிலையில் வாழ்ந்தவர் என்னும் எண்ணத்தை அது தோற்றுவிப்பதுதான் சிக்கல்.

உண்மையில் அங்கு இரு பெருங்குடியேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்று, படைமுகாமைச் சுற்றி வளர்ந்த பெங்களூர்த் தண்டுப்பகுதிக் குடியேற்றம். மற்றொன்று, கோலார் தங்கவயல் சுரங்கக் குடியேற்றம். மொழி ஒன்று, புறப்பட்ட மாவட்டங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் இரண்டின் பொருளியல் அடித்தளமும் முற்றிலும் வேறானது. அவ்வேறுபாடு அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளின் தன்மையையும் தீர்மானித்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்விரு திறத்தாரும் அடுத்தடுத்த வாயில்களில் வாழும் இடமாக நீலசந்திராவைக் காட்டலாம். (பெங்களூரைச் சுற்றிப் பல ஊர்ப்பெயர்களில் வரும் 'சந்திரா' நிலவைக் குறிப்பதன்று, ஏரியைக் குறிக்கும் 'சமுத்திரம்' என்பதன் திரிபு என்பர்.) பழைய தண்டுப்பகுதியின் தென்கிழக்கு விளிம்பில், ஆஸ்டின் டவுனை ஒட்டி, தமிழும் உருதுவும் கன்னடமும் ஒருசேர ஒலிக்கும் நெருக்கமான குடியிருப்பு இது. இக்கட்டுரையாளர் வாழும் தெருவில் 'சொந்த ஊர் எது?' என்று வினவினால் இருவகை விடைகள் கிடைக்கும். சிலர், தாம் கண்டிராத ஆர்க்காட்டையோ வேலூரையோ சொல்வர். வேறு சிலர், 'தங்கவயல்' என்பர். பின்னவர்க்கு அதற்கு முந்தைய ஊர் நினைவில் இல்லை. அல்லது நினைவிற்கொள்ள விருப்பமில்லை. இவ்விடை வேறுபாட்டைப் பொருட்படுத்தாத எந்தக் குடியேற்ற ஆய்வும் நிறைவுடையதாகாது.

தண்டின் பொருளியல்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் படை, அங்கு நிலவிய நோய் காரணமாக 1809இல் அல்சூர் ஏரியை அடுத்த நிலப்பகுதிக்கு மாறியது. படையுடன் அதற்கு வேண்டிய அனைத்தும் வந்தன. சிப்பாய்கள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தனார், தச்சர், புல் அறுப்போர், தோட்டிகள், தானிய வணிகர், ஒப்பந்தக்காரர் எனச் சென்னை மாகாணத்தின் வடபகுதிச் சமூகமே ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தது. 'முழுமையாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி அடுக்கும் உடன் வந்தது. பேட்டைகளும் தெருக்களும் சாதிவழி அமைந்தன. 1881இல் மைசூர் ஆட்சி மன்னர் குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப்பகுதி ஆங்கிலேயர் நிருவாகத்திலேயே இருந்தது. 1947இல்தான் அது மைசூரிடம் சேர்ந்தது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. ஆகவே ஒன்றரை நூற்றாண்டு காலம் தண்டுத் தமிழர், கன்னட நாட்டின் நடுவில் இருந்தும் கன்னட அரசின் கீழ் இல்லை.

இங்குப் பொருளீட்ட வழிகள் பலவாக இருந்தன. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் எளிய நிலையிலிருந்து எழுந்து, இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரிக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அவருடைய வரலாறு தண்டுத் தமிழரின் வெற்றிக்கதையாக மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. அதற்கு அவர் தகுதியுடையவரே. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவர் உயர, கல் சுமந்தோர் பலர் வேண்டும். அவர்தம் பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்பதை அக்கதை சொல்வதில்லை. 1898இல் கொள்ளைநோய் பரவியபின் பிரேசர் டவுன் போன்ற புதிய விரிவாக்கங்கள் காற்றோட்டமான மனைகளுடன் உருவாயின. உழைக்கும் மக்களுக்கென மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகிய சிறுவீட்டுக் குடியிருப்புகள் பின்னர் எழுந்தன. நீலசந்திரா இக்குடியிருப்புகளின் விளிம்பில் நெருக்கமுற்றது.

இவ்வாறு தண்டிற்குள்ளேயே ஆழ்ந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. எனினும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். இங்கு எவருக்கும் ஒற்றை முதலாளி இல்லை. துரை வீட்டுச் சமையல் வேலை போனால் ஆலை வேலை. பின்னாளில் 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையும் விடுதலைக்குப்பின் வந்த தொலைபேசி, கைக்கடிகார, மின்னணுப் பொதுத்துறை ஆலைகளும் வாயில் திறந்தன. குடிசையாயினும் அதனைக் கட்டியவருடைய குடும்பத்திடம் அது இருந்தது. வேலை இழந்தவர் வீட்டையும் உடனே இழக்கவேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை.

வயலின் பொருளியல்

தங்கவயலில் அந்நிலை இருந்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைக் கைக்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையினர் கொண்டுவரப்பட்டனர். அவருள் மிகப்பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள். நிலமற்ற பண்ணை உழைப்பிலிருந்து நேராகப் பூமிக்கடியில் இறங்கியவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. பாறை வெடித்துச் சிதறி நேரும் இறப்பும், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயும் அன்றாட நிகழ்வுகள். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம், பெங்களூர் நகரத் தெருக்களுக்கும் முன்னதாகத் தங்கவயலுக்கு வந்தது என்று பெருமையாகக் கூறுவர். அது முதலில் சென்றது எந்திரங்களுக்கு. தொழிலாளர் வரிசைகளுக்கு அன்று.

நிலம், வீடு, மருத்துவமனை, சாலை யாவும் நிறுவனத்தின் உடைமை. வேலையில் இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்து வெளிவருவோர் உடல் சோதிக்கப்பட்டனர். 1930இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது தொழிலாளர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கையின் மையம் கூலி உயர்வன்று. குற்றவாளியைப்போல் விரல் பதிக்கமாட்டோம் என்னும் மானவுணர்வே என்பது நோக்கத்தக்கது. 1946இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இத்தனைக்கும் நடுவே தங்கவயல் வேறொன்றையும் கொடுத்தது. குறைவாயினும் மாதந்தோறும் கையில் காசு வந்தது. பண்ணையார் இல்லை. மேல்சாதித் தெரு என்று ஒதுங்கி நடக்க வேண்டிய தெரு, தொழிலாளர் வரிசைகளில் இல்லை. ஒரே சமூகத்தார் பல்லாயிரவர் ஓரிடத்தில் குவிந்து வாழ்ந்தனர். ஊரில் கிடைக்காத இம்மூன்றும் சேர்ந்தபோது எழுத்து பிறந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றின. அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' எனத் தொடங்கி, ஓராண்டில் 'தமிழன்' எனப் பெயர் மாற்றிய இதழுக்குத் தங்கவயல் வாசகர்கள் உறுதுணையாயினர். 1914இல் அவர் மறைந்தபின் நின்றுபோன அவ்விதழ், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து பதிப்பித்தது. சென்னையில் நின்ற இதழை உயிர்ப்பித்தவர்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள். தமிழ் இதழியல் வரலாற்று நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வருத்தத்திற்குரியது.

பெங்களூரிலும் பௌத்த சங்கக் கிளை இருந்தது; தண்டிலும் தாழ்த்தப்பட்டோர் இயக்கங்கள் இயங்கின. தங்கவயலிலும் இராபர்ட்சன்பேட்டையின் வணிகர்கள் வேறு சாதியினர். ஆகவே தண்டு என்றால் செல்வம், வயல் என்றால் வறுமை எனப் பிரித்துவிட இயலாது. வேறுபாடு உடைமையின் வடிவத்தில் உள்ளது. சிறிதேனும் உடைமை இருந்த தண்டில், தமிழ் முயற்சிகள் அறக்கட்டளை, பள்ளி, கோயில், கல்வெட்டு, விழாமலர் என்னும் வடிவங்களைக் கொண்டன. உடைமையே இல்லாத வயலில் இதழ், துண்டு வெளியீடு, தொழிற்சங்க அறிக்கை ஆகிய வடிவங்கள் எழுந்தன. முன்னது கல்லில் நிற்கிறது. ஆய்வாளர் கண்ணில் எளிதில் படுகிறது. பின்னது தாளில் அழிகிறது.

இரு நூல்கள், ஒரு விடுபாடு

1998ஆம் ஆண்டில் இரு முக்கிய நூல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஜானகி நாயர், கோலார் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் ஒப்பிட்டு மைசூர் அரசின்கீழ்த் தொழிலாளர் பண்பாட்டையும் அரசியலையும் ஆராய்ந்தார். ஞான. அலாய்சியஸ், காலனியக் காலத் தமிழரிடையே எழுந்த பௌத்த இயக்கத்தை ஆராய்ந்தார். முன்னவருக்குத் தங்கவயல் மக்கள் முதன்மையாகத் தொழிலாளர். பின்னவருக்கு விடுதலை நாடிய பௌத்தர். இரண்டும் சிறந்த நூல்கள். ஆனால் பகலில் சுரங்கத்தில் இறங்கியவரும் மாலையில் சங்கத்தில் 'தமிழன்' படித்தவரும் ஒரே ஆள். அவரை ஒருங்கே காணும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. ஏனெனில் அதற்கு வேண்டிய சான்றுகள் தமிழில் உள்ளன. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1999இல், அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து அச்சான்றுகளில் ஒரு பகுதியைக் கைக்கெட்டச் செய்தது. அதன்பின் பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. அவரைப் படித்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகவில்லை.

ஜானகி நாயரின் ஒப்பீடு, சுரங்கத்தை ஆலையோடு நிறுத்துகிறது; அது தொழிலாளர் வரலாற்றுக்குப் பொருந்தும். குடியேற்ற வரலாற்றுக்குச் சுரங்கத்தைத் தண்டோடு நிறுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் வேறுபாடு. ஆலை ஒரு வேலையிடம். தண்டு ஒரு வாழிடம். வீடு, சாதி, மொழி ஆகியவற்றைக் கேள்விக்கு உட்படுத்த வாழிடமே உரிய அலகு.

திரைப்படங்களைப் பற்றியும் ஒரு சொல். 2018இலும் 2022இலும் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்கள் அவ்வூரின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தன. அங்கு உழைத்த தமிழ்த் தாழ்த்தப்பட்டோர் அப்பெயருக்குள் இல்லை. 2024இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' அவர்களை நடுவில் வைத்தது. அப்படத்தின் மாயக்கூறுகள் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் பண்ணையிலிருந்து சுரங்கத்திற்கு என்னும் பாதையை நம் ஆய்வேடுகளைவிட அது தெளிவாகக் காட்டியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2001க்குப் பின்

1956இல் அரசுடைமையாகி, பின்னர் நடுவண் அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக மாறிய தங்கவயல், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஒற்றை முதலாளியைச் சார்ந்த பொருளியலின் முழு விளைவு அன்று தெரிந்தது. மாற்று வேலைக்கு ஊரில் இடமில்லை; வீட்டின் உரிமை வினாக்குறியாயிற்று; சயனைடு கலந்த கழிவுமேடுகளின் தூசு மட்டும் நிலைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் தொடர்வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வந்து இரவு திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. பயணத்தில் களைத்தவர், அல்லது பிள்ளைகளின் படிப்பு கருதியவர், நகரிலேயே வாடகைக்குத் தங்கினர். நீலசந்திரா போன்ற பகுதிகள் அவர்க்கு ஏற்றனவாயின.

இங்கு இரு குடியேற்றங்களும் வீட்டு உரிமையாளராகவும் வாடகைக்காரராகவும் சந்திக்கின்றன. ஒரே மொழி இருந்தும் உறவு எளிதாக இல்லை. தங்கவயலாரின் பேச்சில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்களும், தொழிற்சங்கத்தில் பழகிய நேர்நிற்கும் தோரணையும் தண்டுத் தமிழருள் சிலருக்கு முரட்டுத்தனமாகத் தோன்றுகின்றன. பின்னவர், 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டித் தமிழர்மீது நடந்த தாக்குதல்களை நகரின் நடுவில் நேரில் கண்டவர்கள். குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியவர்கள். அதே 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே இருந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பது அத்தாழ்ந்த குரலின் அளவு. தங்கவயலிலோ தமிழரே பெரும்பான்மையர். இந்தியக் குடியரசுக் கட்சியையும், பின்னர் அ.தி.மு.க.வையும்கூடச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி அது. அங்கு வளர்ந்தவர் தம்மைச் சிறுபான்மையராக உணர்ந்தது பெங்களூருக்கு வந்தபின்னரே.

மொழி நிலையில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். 1980களில் நடந்த கோகாக் போராட்டத்திற்குப்பின் கன்னடக் கல்வி முதன்மை பெற்றது. தமிழ்வழிப் பள்ளிகள் இரு இடங்களிலும் சுருங்கின. இன்று நீலசந்திராவில் தமிழ் பேசும் இளைஞருள் தமிழ் படிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியுள்ளது. 'தமிழன்' இதழை எழுத்துக்கூட்டிப் படித்துக் கேட்ட தலைமுறையின் கொள்ளுப்பேரர்கள் இவர்கள்.

இந்நிலையில் செய்ய வேண்டிய முதற்பணி கோட்பாட்டு விவாதமன்று, தேடுதல். தங்கவயலிலிருந்து வாடகை வீடுகளுக்கு மாறும்போது முதலில் கைவிடப்படுபவை தாள்களே. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் குடிவந்த ஒரு முதியவர், தம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த சங்க வெளியீடுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்ததாகவும், வீடு மாறும்போது இடமின்மையால் பழைய தாள் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாகவும் கூறினார். அவற்றில் என்ன இருந்தது என்று கேட்டபோது, தமக்குத் தமிழ் பேசத்தான் வரும் என்றார்.