காலிக் கல்லிலிருந்து சீனாவுக்கு

சீனாவைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் கொழும்பு தேசிய நூதனசாலை. அட்டாளைச்சேனையிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் கொழும்பில் இறங்கிவிடலாம். விசாவுக்கோ விமானத்துக்கோ எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும். அந்த நாளில் இரண்டு மணித்தியாலத்தை ஒரேயொரு கல்லுக்காக ஒதுக்கி வையுங்கள்.

அது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. உயரம் ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர், அகலம் 76. உச்சியில் இரண்டு டிராகன்கள் ஒன்றையொன்று பார்த்தபடி செதுக்கப்பட்டிருக்கின்றன. வலப்பக்கத்தில் சீன எழுத்து மேலிருந்து கீழாக இறங்குகிறது. இடப்பக்கத்தின் மேற்பாதியில் தமிழ், கீழ்ப்பாதியில் அரபு எழுத்தில் எழுதிய பாரசீகம். சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ் வாசகம் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கு. பாரசீக வாசகம் இஸ்லாத்தின் பேரில். 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. கல்லில் உள்ள ஆண்டு 1409. நான்ஜிங்கில் செதுக்கிக் கப்பலேற்றிய கல் இது. 1911ல் டொமலின் என்ற பொறியியலாளர் இதைக் கண்டபோது, காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது.

இந்தக் கல்லை நேரே நின்று பார்த்தால் தேய்ந்த கோடுகள்தான் தெரியும். சற்று விலகிப் பக்கவாட்டில் நில்லுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். தமிழ் எழுத்துகள் ஒன்றிரண்டாகப் பிடிபடத் தொடங்கும். அதிகம் சிதைந்தது பாரசீகப் பகுதி. அதையும் விட்டுவிடாமல் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கல்லைக் கொண்டுவந்த தளபதி ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை.

செங் ஹ என்ற அந்த மனிதர் 1371ல் யுன்னான் மாகாணத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் மா. வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். மிங் படைகள் யுன்னானைப் பிடித்தபோது சிறுவனாகச் சிறைப்பட்டு, விதையடிக்கப்பட்டு, ஓர் இளவரசருக்குப் பணியாளாக அனுப்பப்பட்டார். அந்த இளவரசர் பின்னால் யொங்லே பேரரசரானார். பணியாள் கப்பற்படைத் தளபதியானார். 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்கள். மூன்று சமயங்களுக்கும் காணிக்கை கொண்டுவந்த அதே படைதான் 1411ல் கோட்டையின் அழகக்கோனாரைப் போரில் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. பட்டும் வாளும் ஒரே கப்பலில் வந்தன. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். யொங்லே, செங் ஹ என்ற இரு பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவ்வளவு பெரிய நாட்டிலும் உங்களுக்கு வழி தவறாது.

நம் பகுதியிலிருந்து சீனாவுக்குப் போய் வருகிறவர்கள் குறைவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கடை வைத்திருப்பவர்கள் குவாங்சோவுக்குச் சாமான் எடுக்கப் போகிறார்கள். ‘காக்கா, சீனாவுல என்னத்தப் பாத்தீங்க?’ என்று கேட்டால், ‘மார்க்கட்டும் ஹோட்டலும்தான் தம்பி’ என்பார்கள். சுற்றுலாக் குழுக்களோடு போகிறவர்கள் ஒரு கிழமையில் ஐந்து நகரங்களைப் பார்த்துவிட்டுப் பெருஞ்சுவரில் எடுத்த படத்தோடு திரும்புகிறார்கள். ஐந்து நகரங்களுக்குப் பதிலாக இரண்டு போதும் என்பேன், அதிகம் போனால் மூன்று. ஷீஆன், சுவான்சோ இரண்டையும் விடக்கூடாது. மூன்றாவது நான்ஜிங்கா பீஜிங்கா என்பது உங்கள் விருப்பம்.

ஷீஆன் பெரிய பள்ளிவாசலுக்குக் காலையில் போங்கள். குவிமாடமும் உயர்ந்த மினாராவும் தேடினால் பள்ளி எங்கே என்று திகைத்துப் போவீர்கள். தெரிவதெல்லாம் வளைந்த கூரைகள், நீலப்பச்சை ஓடுகள், மர வளைவுகள், கல் பதித்த முற்றங்கள். இப்போது நிற்கும் பள்ளியின் அடிப்படை 1392ல், மிங் காலத்தில் அமைந்தது. அதற்கும் முன்பே, 742ல் இங்கே பள்ளி இருந்தது என்பது அங்குள்ளவர்களின் மரபு. சீனாவில் அரண்மனையானாலும் கோயிலானாலும் பொதுவாகத் தெற்கு நோக்கித்தான் கட்டுவார்கள். இந்தப் பள்ளியோ கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு கிடக்கிறது, கிப்லா மேற்கில் இருப்பதால். அந்த ஒரு திருப்பம் தவிர மற்ற எல்லாம் சீனத் தச்சரின் கைமுறை. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு முற்றமும் பேசத் தொடங்கும்.

முதல் முற்றத்திலிருந்து தொழுகை மண்டபத்துக்கு நேரே நடந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வாசலைக் கடந்ததும் நின்று திரும்பிப் பாருங்கள். வந்த வாசலே இப்போது வேறு மாதிரித் தெரியும். நடுவில் எண்கோணத்தில் மூன்று அடுக்காக ஒரு மண்டபம் நிற்கும். அதுதான் மினாரா. கடைசி முற்றத்தில் தொழுகை மண்டபம். சுற்றுலாக்காரர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும், தொழப் போகிறவர்கள் உள்ளே போகலாம். உளூ செய்துகொண்டு லுஹர் ஜமாஅத்துக்கு நின்று பாருங்கள். தொழுகை முடிந்ததும் எழுந்து ஓடாமல், சுவரில் உள்ள மரப் பலகைகளைப் பாருங்கள். குர்ஆன் வசனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அரபு எழுத்தின் வளைவுகளைக் கவனியுங்கள்: ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் இழுபட்டு மெலிந்து போகும். நாணல் பேனாவால் எழுதிப் பழகிய கையெழுத்து அப்படி வராது. தூரிகை பிடித்துப் பழகிய கை அரபை எழுதும்போது வருகிற வடிவம் அது. நம் ஊர்ப் பள்ளிகளின் மிஹ்ராபில் எழுதியிருப்பதோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் நன்றாகவே படும்.

வெளியே வந்தால் முஸ்லிம் வீதி. அங்கே ஆட்டிறைச்சிச் சாறும் ரொட்டியும் சாப்பிடுங்கள். யாங்ரோ பாவ்மோ என்று கேட்க வேண்டும். கடைக்காரர் ஒரு பெரிய கோப்பையும் கட்டியான ரொட்டியும் தருவார். ரொட்டியை நீங்களே சிறு சிறு துண்டாகப் பிய்த்துக் கோப்பையில் போட வேண்டும், விரல் நகத்தை விடச் சிறியதாக. அவசரப்பட்டுப் பெரிதாகப் பிய்த்தால் சாறு உள்ளே ஊறாது. மேசையைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டே பிய்ப்பார்கள். பிறகு கோப்பை குசினிக்குத் திரும்பிப் போய், இறைச்சியும் சாறும் சேர்ந்து கொதித்து வரும். கூடவே ஊறவைத்த வெள்ளைப்பூடு. பிய்க்கும் நேரமும் சாப்பாட்டில் சேர்ந்ததுதான்.

ஷீஆன் போகிறவர்கள் சுடுமண் வீரர் சிலைகளைப் பார்க்காமல் வரமாட்டார்கள். 1974ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டது அது; கி.மு. 210ல் இறந்த சின் பேரரசரின் சமாதிக் காவல். முதலாம் குழியின் நீண்ட வரிசைகளைப் பார்த்து மலைத்துப்போவது இயல்பு. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக வைத்திருக்கும் முழந்தாளிட்ட வில்வீரனிடம் போங்கள். பின்பக்கமாகச் சுற்றிப் போய், மடித்த காலின் பாதணி அடியைக் குனிந்து பாருங்கள். தையல் புள்ளிகள் தெரியும். விரற்பக்கத்திலும் குதியிலும் நெருக்கமாக, நடுவில் ஐதாக. யாருமே பார்க்காத அடிப்பாதத்தில், புதைப்பதற்காகச் செய்த சிலையில், அந்தக் கைவினைஞர் தேயும் இடம் எது என்று யோசித்துத் தையல் இட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு ஆயிரக்கணக்கான வீரர்களும் கூட்டமாகத் தெரியமாட்டார்கள்.

இனி சுவான்சோ. பூஜியான் கரையில் உள்ள இந்தத் துறைமுகத்தை அரபுகள் ஸைத்தூன் என்றார்கள். உலகப் பயணி இப்னு பதூதா 1344ல் நம் தீவில் புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறி, தேவேந்திரமுனைக் கோயிலையும் காலியையும் பார்த்தார். சீனாவைப் பற்றி அவர் எழுதியதில் இந்த ஸைத்தூனும் வருகிறது. சீனாவில் அவர் போனதாகச் சொல்லும் எல்லா ஊருக்கும் உண்மையில் போனாரா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சீனத்தின் செழிப்பை வியந்தாலும் அங்குள்ள வழக்கங்கள் மனதுக்கு ஒவ்வாமல் பெரும்பாலும் வீட்டோடு இருந்ததாகவும், முஸ்லிம்களைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டது போலிருந்ததாகவும் அவரே எழுதுகிறார். நம்மவரோடு மட்டும் இருந்துவிடும் ஆசை நமக்கும் வரும். முஸ்லிம் தெருவோடு நின்றுவிடாதீர்கள். அதைத் தாண்டிப் பார்ப்பதற்குச் சுவான்சோதான் ஏற்ற ஊர், எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

சிங்ஜிங் பள்ளி கருங்கல் வாசலோடு நிற்கிறது. 1009ல் கட்டி, 1310ல் திருத்தப்பட்டது. தொழுகை மண்டபத்தின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. திறந்த வானத்தின் கீழ் சுவர்களும் ஜன்னல் மேல் வசனங்களும் மட்டும். அங்கே ஒரு கல்லில் யொங்லே பேரரசரின் ஆணை இருக்கிறது, முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக்கூடாது என்று. ஆண்டு 1407. காலிக் கல்லுக்கு இரண்டு வருடம் முந்தியது. கொழும்பில் நீங்கள் பார்த்த கல்லை அனுப்பிய பேரரசரை இங்கே மறுபடி சந்திக்கிறீர்கள். நகருக்கு வெளியே லிங்ஷான் குன்றில் பழைய முஸ்லிம் அடக்கத்தலம். கடற்பயணத்துக்கு முன் செங் ஹ அங்கே வந்து சென்றதைச் சொல்லும் 1417ம் ஆண்டுக் கல்லும் அங்கேதான்.

அப்படியே கையுவான் பௌத்த விகாரைக்குப் போங்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போக வேண்டும். முன்னால் நின்று தேடினால் கிடைக்காது. இரண்டு கற்றூண்கள். உரலோடு கட்டப்பட்ட கண்ணன் அதை இரு மரங்களுக்கிடையே இழுத்துப் போவதும், நரசிம்மமும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் வணிகர் எழுப்பிய கோயிலின் எச்சங்கள் பௌத்தர்களின் மண்டபத்தைத் தூணாகத் தாங்குகின்றன. 1956ல் இதே ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. 1281ல், மங்கோலிய ஆட்சியில், சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்வது. நம் மொழியும் நம் மார்க்கமும் ஒரே ஊரில் எழுநூறு வருடத்துக்கு முன்பே இறங்கியிருந்தன என்பதை அங்கே நின்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2021ல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே தேத்தண்ணி குடிக்காமல் வரவேண்டாம். சுவான்சோவுக்கு அருகிலுள்ள அன்ஷி, தியெகுவான்யின் தேயிலைக்குப் பேர் போனது. பாலும் சீனியும் கேட்காதீர்கள். மூடியுள்ள சிறு கோப்பையில் கொதிநீர் விட்டு, முதல் நீரைக் கொட்டிவிடுவார்கள். இரண்டாம் நீர் ஊற்றியதும் மூடியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பூவின் மணம் அதில்தான் நிற்கும். குடிக்கும் கிண்ணம் மூன்று மிடறுக்கு மேல் கொள்ளாது. அதே இலையில் ஐந்தாறு தடவை ஊற்றுவார்கள், ஒவ்வொரு தடவையும் சுவை மாறும். எது பிடித்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சைகையில் கேளுங்கள், பேச்சு அங்கிருந்தே வளரும்.

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான்ஜிங்தான் மூன்றாவது ஊர். அங்கே யுன்ஜின் பட்டுத் தறியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் தறியின் மேலே ஏறி உட்கார்ந்து பாவு நூல்களைக் கூறு கூறாகத் தூக்கிக் கொடுக்க, கீழே இருப்பவர் பொன் இழைகளையும் பட்டையும் ஊடையாக விடுகிறார். ஒரு நாள் முழுவதும் நெய்தால் ஐந்தாறு சென்ரிமீற்றர். காலிக் கல்லின் காணிக்கைப் பட்டியலில் பட்டு ஏன் பொன்னுக்கும் வெள்ளிக்கும் அடுத்து நிற்கிறது என்று இந்தத் தறியின் முன்னால் விளங்கும். செங் ஹவின் கப்பல்களைக் கட்டிய துறையும் இதே ஊரில்தான். 1957ல் அங்கே 11 மீற்றர் நீளமான சுக்கான் தண்டு ஒன்று கிடைத்தது. நம் கரையில் இழுத்து வைத்திருக்கும் பைபர் படகுகள் அந்தத் தண்டின் நீளத்துக்கு வராது.

பீஜிங்கைத் தேர்ந்தால், யொங்லே 1420ல் கட்டி முடித்த அரண்மனை நகரத்தில் கூரை முனைகளை மட்டும் பாருங்கள். வரிசையாகச் சிறு விலங்குகள் உட்கார்ந்திருக்கும். எத்தனை என்று எண்ணினால் அந்தக் கட்டடத்தின் தகுதி தெரியும். முதன்மை மண்டபத்தில் பத்து, வேறெங்கும் அத்தனை இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும். கடவுச்சீட்டு இலக்கம் கொடுத்து முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும்.

பெண்களுக்கு ஒரு சேதி. கைபெங் நகரில் 1820லிருந்து பெண்களுக்கென்றே பள்ளிவாசல் இருக்கிறது. ஆஹொங் எனப்படும் பெண் இமாம் ஒருவரே அங்கு தொழுகை நடத்தி, ஓதிக் கொடுக்கிறார். சேர்ந்து போகும் உம்மாவையும் ராத்தாவையும் அங்கே கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டுக்கு ஹலால் பலகையைத் தேடும்போது அரபு எழுத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2019ல் பீஜிங்கில் கடைப் பலகைகளிலிருந்து அதை அகற்றச் சொன்னார்கள். பல ஊர்களில் பள்ளிகளின் குவிமாடங்களும் போய்விட்டன. ஹலாலைக் குறிக்கும் சிங்ஜென் என்ற இரு சீன எழுத்துகளைப் புறப்படுமுன் தொலைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை முகாம்களில் அடைத்தது பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கையையும் வாசித்துவிட்டுப் போங்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன் ஒரு பேரரசர் கல்லில் எழுதிக் கொடுத்த பாதுகாப்பு இன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை அறிந்த கண்ணோடுதான் சிங்ஜிங் பள்ளியின் அந்தக் கல்லையும் வாசிக்க வேண்டும். அங்கே பள்ளிகளில் சந்திக்கிறவர்களிடம் அரசியல் கேட்காதீர்கள். பதில் சொல்வது அவர்களுக்குத்தான் ஆபத்து. ஸலாம் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று தொழுங்கள்.

ஒக்டோபர் முதல் கிழமையிலும் சீனப் புத்தாண்டிலும் போக வேண்டாம், அந்த நாட்களில் சீனர்களே கோடிக்கணக்கில் பயணம் செய்வார்கள். ஏப்ரலும் ஒக்டோபர் பிற்பாதியும் நல்ல காலம்.

சாமான் எடுக்கப் போகும் வியாபாரிகளுக்கு இவ்வளவும் முடியாது என்று தெரியும். குவாங்சோவில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தால் போதும், ஹுவைஷெங் பள்ளியில் ஜும்ஆவுக்குப் போங்கள். அங்கே மினாரா ஒன்று நிற்கிறது, சீனக் கூரை இல்லாமல், அடுக்கும் இல்லாமல், வெள்ளைச் சுண்ணாம்பு பூசி 36 மீற்றர் உயரத்துக்கு. ஒரு காலத்தில் முத்து ஆறு பள்ளிக்கு இன்னும் பக்கத்தில் ஓடியது. அதில் வந்த கப்பல்களுக்கு இதன் உச்சியில் விளக்கேற்றி வழி காட்டினார்கள் என்பார்கள்.