அழகான, ஜெயிக்காத கை

போக்கர் கற்றுத்தரும் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு சொல்லகராதி இருக்கும். ஆட்டத்தைவிட அதுதான் என்னை ஈர்த்தது. பணம் வைத்துச் சீட்டாடும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் ஆண்களே பெரும்பாலும் கூடியிருக்கும் ஒரு மேசையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பிறகு அச்சேறிய சொற்களை வாசிப்பது, பக்கத்து அறைப் பேச்சைக் கேட்பது போன்றது. நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு ஐந்து பொதுச் சீட்டுகள் மேசையில் விரிக்கப்படும். கையில் வரக்கூடிய இரட்டைச் சீட்டுகள் 169 வகை. அவற்றில் பலவற்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. இரண்டு ஏஸ் வந்தால் ‘தோட்டாக்கள்’. இரண்டு ராஜா ‘கௌபாய்கள்’. இரண்டு ஜாக், எழுத்தின் வளைவை வைத்து, ‘தூண்டில் முட்கள்’. இரண்டு ராணி என்றால் ‘லேடீஸ்’. இதுவரை பெரிய குற்றம் இல்லை. ஆனால் ராணிகளுக்கு, அவர்களுடைய மார்பகங்களை எண்ணிச் சொல்லும் இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. ராஜாக்களின் உடலுறுப்புகளை யாரும் எண்ணிப் பெயர் வைத்ததாக நான் எந்தச் சொல்லகராதியிலும் பார்க்கவில்லை.

இரண்டு பட்டப்பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தும் இரண்டும் சேர்ந்து வந்தால் அதன் பெயர் ‘டாயில் பிரன்சன்’. சாதாரணக் கணக்கில் அது மோசமான கை. ஆனால் பிரன்சன் 1976லும் 1977லும் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டியை வென்றபோது, இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது அந்தச் சீட்டுகள்தான். வென்றவரின் பெயர் சீட்டுக்கு வந்தது. நியாயம்தான்.

ஏஸும் கிங்கும் சேர்ந்து வந்தால் ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் ஏ, கே. அதன் பெயர் ‘அன்னா கோர்னிகோவா’. காரணம் கேட்டால் மேசையில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: பார்க்க அழகு, ஆனால் ஜெயிக்காது. கோர்னிகோவா 1997இல், தன் 16ஆம் வயதில், விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தவர். 2000இல் ஒற்றையர் தரவரிசையில் எட்டாம் இடத்தைத் தொட்டவர். மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து 1999லும் 2002லும் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றவர். இரட்டையர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். ஒற்றையர் பட்டம் எதையும் வெல்லவில்லை என்பது உண்மை. அந்த ஒன்று மட்டும் நினைவில் நின்றது. அதோடு அவருடைய முகமும் நின்றது. ஆணின் பெயர் சீட்டில் ஏற ஒரு வெற்றி தேவைப்பட்டது. பெண்ணின் பெயர் ஏற, அழகும் அதைத் தண்டிக்கும் ஆசையும் போதுமானதாக இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், சீட்டுக் கணக்குப்படியும் இந்தக் கேலி தவறு. ஏஸ்-கிங் மிகச் சிறந்த தொடக்கக் கைகளில் ஒன்று. ஜோடி இல்லாத சீட்டுகள் என்பதால், முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான் அதற்குப் பொருத்தம் கிடைக்கும். கிடைக்காத இரண்டு தடவைகளின் எரிச்சல்தான் அந்தப் பட்டப்பெயர். இதே கை இரண்டு ராணிகளோடு மோதி, ஐந்து சீட்டுகளும் விரிக்கப்பட்டால், வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 43 முதல் 46 வரை. கிட்டத்தட்டச் சரிபாதி. அதே கைக்கு ‘பிக் ஸ்லிக்’ என்ற பழைய பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர் யாரையும் இழிவுபடுத்துவதில்லை.

ஆட்டக்காரர்களை வகைப்படுத்தும் சொற்களுக்கு வருகிறேன். நிறையக் கைகளை ஆடுபவர் ‘லூஸ்’, தேர்ந்தெடுத்து ஆடுபவர் ‘டைட்’. துணிந்து பந்தயத்தை ஏற்றுபவர் ‘அக்ரெஸிவ்’, பின்தொடர்பவர் ‘பாஸிவ்’. இவை வெறும் கலைச்சொற்கள் என்பார்கள். ஆனால் ‘லூஸ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஒரு பெண்ணின் மீது விழும்போது அது அவளுடைய ஒழுக்கத்தைப் பேசும். அந்த நிழலோடுதான் அவள் மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் ‘டில்ட்’. பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் உலுக்கினால் அது ‘டில்ட்’ என்று காட்டி ஆட்டத்தை நிறுத்திவிடும். அங்கிருந்து வந்த சொல். தோல்வியில் நிதானமிழந்து, கோபத்தில் கண்டபடி பணத்தை இறைப்பவர் ‘டில்ட்’ ஆகிவிட்டார் என்பார்கள். பல்லைக் கடிப்பதும் சீட்டை வீசுவதும் உணர்ச்சிதானே? ஆனால் அதற்கு இயந்திரக் கோளாறின் பெயர் கிடைத்திருக்கிறது. கோளாறு சரியாகிவிடும், மனிதரின் தகுதி குறையாது. உணர்ச்சிவசப்படுபவர்கள் என்ற பட்டம் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும் உலகில், ஆண்களின் உணர்ச்சிக்கு இவ்வளவு கண்ணியமான பெயரைக் கண்டுபிடித்ததை நான் பாராட்டத்தான் வேண்டும்.

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு, ஆண்களையும்தான் ‘மீன்’ என்றும் ‘கழுதை’ என்றும் கேலி செய்கிறார்கள் என்று ஒரு பதில் வரும். உண்மைதான். ஆனால் மீன் என்பது மோசமாக ஆடுபவருக்கான பெயர். நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். ‘அழகு, ஆனால் ஜெயிக்காது’ என்ற பெயரிலிருந்து எவ்வளவு நன்றாக ஆடினாலும் வெளியே வர முடியாது என்பதற்குக் கோர்னிகோவாவின் இரட்டையர் பட்டங்களே சாட்சி.

உடல் வலிமை தேவைப்படாத, சீட்டுக்குப் பால் இல்லாத ஆட்டம் இது. ஆனாலும் வேர்ல்ட் சீரிஸில் 1977 முதல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வைக்க வேண்டியிருந்தது. பாலின அடிப்படையில் யாரையும் தடுக்கச் சட்டம் இடம் தராததால் அதிலும் ஆண்கள் நுழைந்தார்கள். 2013இல் நுழைவுக் கட்டணத்தை 10,000 டாலராக்கி, பெண்களுக்கு 90 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள். தங்களுக்கென்று தரப்பட்ட ஒரே மேசையைக் காப்பாற்றவே இவ்வளவு சுற்றுவழி.

முதன்மைப் போட்டியின் இறுதி மேசையை 1995இல் பார்பரா என்ரைட் எட்டினார், ஐந்தாம் இடம். அவருக்கு அடுத்து ஒரு பெண் அங்கே உட்கார 30 ஆண்டுகள் ஆயின. 2025இல் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ் ஏழாம் இடம் பெற்றார். பட்டப்பெயர்கள்தான் இந்த 30 ஆண்டுகளுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பணமும் நேரமும் இரவில் வெளியே இருக்கும் சுதந்திரமும் பெரிய காரணங்கள். ஆனால் இவையெல்லாம் கைகூடி மேசைக்கு வந்துசேரும் பெண்ணின் காதில் முதலில் விழுவது இந்தச் சொற்கள்தான். எதிரே இருப்பவர் சீட்டுகளைத் திருப்பி ‘கோர்னிகோவா’ என்று சொல்லிச் சிரிக்கும்போது, கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று அவள் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் அந்தக் கணத்தில் அடுத்த பந்தயத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.